பலவீனமா, பலகீனமா?

கேள்வி:
அம்மாவின் உடல்நிலையை மருத்துவரிடம் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. "மிகவும் பலகீனமாக இருக்கிறார்" என்று எழுதினேன். அண்ணன் பார்த்துவிட்டு, பலகீனம் கொச்சை, பலவீனம்தான் சரி என்று அடித்துத் திருத்திவிட்டார். நான் சின்ன வயதிலிருந்து பலகீனம் என்றே கேட்டு வளர்ந்தவன். எது சரி? 'வீனம்' என்றால் என்ன? அப்புறம் சோர்வு, அசதி எல்லாம் இதேதானா?

பதில் 1:
'வீனம்' என்று தனியாக ஒரு சொல் கிடையாது. வடமொழியில் பலஹீனம், பலம் குறைந்த நிலை. மஹாராஜா மகாராஜா ஆனதுபோல ஹ-வைக் க ஆக்கினால் பலகீனம். ஹ-வை விட்டுவிட்டால் ஹீனம் ஈனமாகும் (ஈனக்குரல் என்கிறோமே, அதே ஈனம்), பல + ஈனம் சேரும்போது நடுவில் வ் வந்து பலவீனம். திரு + அருள் திருவருள் ஆகிறதே, அதே உடம்படுமெய்தான், நன்னூல் 162 பாருங்கள். அச்சில் பலவீனம் அதிகம், அவ்வளவுதான். கொச்சை என்று அடித்தது சரியில்லை.

பதில் 2:
மருத்துவருக்கு எழுதுவதென்றால் எழுத்தைவிடப் பொருள் முக்கியம். அசதி தூங்கி எழுந்தால் போய்விடும். சோர்வு மனதுக்கும் வரும். பலவீனம் வேறு. என் அப்பாவுக்கு வந்தபோது நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலும் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் தள்ள விரலில் வலு இருக்காது, மூன்று முறை முயன்றுவிட்டுக் கையைத் தொங்கப் போட்டுவிடுவார். நாங்கள் அதை அசதி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம், அதில் பல வாரம் போய்விட்டது. தயவுசெய்து எதைச் செய்ய முடியவில்லை என்று எழுதுங்கள். ஒரு பக்கக் கை கால் மட்டும் திடீரென்று வலுவிழந்தால் எழுதிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே கூட்டிப்போங்கள்.

பதில் 3:
தமிழில் மெலிவு என்றே சொல்லலாமே என்று யாராவது வருவார்கள். குறள் 250-இல் வலியார், மெலியார் என்று அழகாக எதிரெதிரே நிற்கிறது, உண்மைதான். ஆனால் இன்று "மெலிந்துவிட்டார்" என்றால் எடை குறைந்துவிட்டது என்றுதான் புரிந்துகொள்வார்கள். பேச்சில் எனக்குப் பிடித்தது தெம்பு. "உடம்பில் தெம்பே இல்லை" என்றால் யாருக்கும் புரியும். குணத்துக்கு மட்டும் அது ஒத்துவராது: முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்லத் தெரியாதது என் பலவீனம், அங்கே தெம்பு என்று போட முடியாது.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். "அசதியெல்லாம் இல்லைப்பா, படி ஏறும்போது வலது முழங்கால் மடங்கிடுது, கைப்பிடியைப் பிடிச்சு இழுத்துத்தான் ஏறுறேன்" என்றார். பழைய தாளைக் கிழித்துவிட்டு அதையே அப்படியே எழுதியிருக்கிறேன்.