அன்யூரிசத்துக்கு (வயிற்றில் உள்ள பெரிய ரத்தக்குழாய் வீக்கம்) மருந்து ஆய்வில் சேரச் சொன்னார்களா? உங்கள் வீட்டு அனுபவம் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அப்பாவுக்கு வீக்கம் 4.4 சென்டிமீட்டர். கிட்னிக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தற்செயலாகத் தெரிந்தது. 5.5 வரும் வரை கத்தி வைக்க மாட்டார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை என்னதான் செய்வது என்று கேட்டதற்கு, வீக்கம் வளராமல் தடுக்க ஒரு மாத்திரை ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்றார்கள். வெளியூர் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம்.

எனக்கு உறுத்துவது சம்மதம் வாங்கிய அந்த அறைதான். ஸ்டாண்டில் சின்னக் கேமரா, எதிரே டாக்டர், பக்கத்தில் ஃபைலோடு ஒரு பெண். தமிழில் அச்சடித்த படிவத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினார்கள், குறை சொல்ல முடியாது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. கடைசியில் அப்பா கேமராவைப் பார்த்து 'என் விருப்பப்படி சேர்கிறேன்' என்று சொல்ல வேண்டும். கொலுசுக்குப் பற்ற வைத்தே கருத்துப்போன விரல்களில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, கேமராவை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்து, "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றார். அப்படிச் சொல்லக் கூடாது ஐயா, உங்க விருப்பம்னு சொல்லணும் என்று அந்தப் பெண் திருத்தினார். அப்பா உடனே, "என் விருப்பம்னு டாக்டர் சொல்றாருங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். மறுபடி எடுத்தார்கள், சரியாகச் சொன்னார்.

பஸ்ஸில் கேட்டேன், உங்களுக்கு இஷ்டமா இல்லையாப்பா என்று. "டாக்டரே கேக்கறப்ப மாட்டேங்க முடியுமா?" அவ்வளவுதான் பதில். உங்கள் வீட்டில் யாராவது மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்களா?

ஏற்காட்டுக்காரி:
எங்கள் வீட்டில் அம்மா தயார், ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் மாட்டேன் என்றார்கள். தொடை வழியாகக் கொண்டுபோய் வீங்கிய குழாய்க்குள் வைக்கிற ஸ்டென்ட் கிராஃப்ட் என்ற செயற்கைக் குழாய்க்கான ஆய்வு. எஸ்டேட்டில் லீவு சொல்லி, முதல் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கி, சேலத்தில் ரயில் ஏறிப் போனோம். சிடி ஆஞ்சியோ எடுத்தார்கள். சிறுநீரகத்துக்குப் பிரியும் குழாய்களுக்குக் கீழே, வீக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால், நல்ல குழாய் கொஞ்ச நீளமாவது இருந்தால்தான் கிராஃப்டின் மேல்முனை பிடித்து நிற்குமாம். அம்மாவுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, வளைவு வேறு. பெண்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் என்றார் டாக்டர். பொருந்தலைங்கம்மா என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடி அடுத்த பேரைக் கூப்பிட்டாயிற்று. அம்மா ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. "அப்ப வீக்கம் இல்லைன்னு ஆயிப்போச்சா கண்ணு?" என்றார், முகமெல்லாம் சிரிப்பு.

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஊரெல்லாம் 'பாஸாயிட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன்தான் வழி என்று இன்னொரு டாக்டர் சொன்னபோது, பாஸான ஆளுக்கு எதுக்குடி ஆபரேஷன் என்று என்னிடம் சண்டை. அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சூரமங்கலம் பார்மசி (ஓய்வு):
தம்பி செவ்வாய்ப்பேட்டை, கேமராவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஏழை எளியவர்களுக்கு விவரம் சொல்லாமலே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள் என்று வழக்காகி, 2013-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்தது அது. என் கதை சின்னது: அண்ணனுக்கு 5.8, ஆய்வு கீய்வு ஒன்றுமில்லை, நேரே கிராஃப்ட், நன்றாக இருக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஆய்வு சிடிஆர்ஐ என்ற இந்திய மருந்து ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள், 2009 முதல் பதிவு கட்டாயம். சம்மதப் படிவத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவு அவர்களுடையது, 2019-இல் வந்த மருந்து ஆய்வு விதிகளில் தெளிவாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் மாத்திரை விழுந்துவிடுமோ என்று கவலைப்படாதீர்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் வீக்கத்தை நிறுத்தும் என்று எத்தனையோ பேர் நம்பினார்கள், 2020-இல் அமெரிக்க ஆய்வு முடிவு வந்தது, இரண்டு வருடம் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரைக்காரர்களுக்கும் வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை. நீங்கள் சொன்ன 5.5 கூட வானத்திலிருந்து விழவில்லை, 1998-இல் பிரிட்டனிலும் 2002-இல் அமெரிக்காவிலும் முடிவு வந்த ஆய்வுகள்தான், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்து கிடைத்த எண். அப்புறம், பீடியை நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு மிஞ்சின மாத்திரை இல்லை. பிரஷர் பாருங்கள். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன் என்று போனால் அன்யூரிசம் இருப்பதை முதலில் சொல்லுங்கள், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்கைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள். அப்பாவின் கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி மருமகன்:
சார், எல்லாம் சரி, அவர் கேட்டது யாராவது மாட்டேன் என்றார்களா என்றுதானே. என் மாமனார் சொன்னார். ஆஸ்திரேலியாவில் மச்சான் வீட்டில் இருக்கிறார், அங்கே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை வைத்து ஆய்வு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் மெதுவாக வளர்வதைப் பார்த்து, ஒருவேளை அந்த மாத்திரைதான் காரணமோ என்று சர்க்கரை இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அத்தை போனிலேயே கத்தினார், "சக்கரையே இல்லாத மனுசனுக்குச் சக்கரை மாத்திரையா?" மாமா மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டர் முகம் சுளிக்கவில்லை, வழக்கம்போல் ஸ்கேனுக்கு வாங்க என்றாராம். மாமாவுக்கு அதில்தான் வருத்தம், இன்னொரு தடவைகூட வற்புறுத்தவில்லையே என்று!

தாரமங்கலம் மலர்:
வேறொரு நோய்க்கான ஆய்வில் கோஆர்டினேட்டராக இருந்தேன், அந்த ஃபைல் பிடித்த பெண் வேலைதான். ஒவ்வொரு தடவையும் மிச்ச மாத்திரையை எண்ணி எழுத வேண்டும். ஒரு தாத்தா, எண்ணிக்கை ஒருநாளும் தப்பாது, ரொம்ப ஒழுங்கு என்று டாக்டரே எல்லோரிடமும் சொல்வார். ஒருநாள் கூட வந்த பேத்தி, ஆறேழு வயசு இருக்கும், நான் டிரேயில் மாத்திரையைக் கொட்டி எண்ணும்போது எட்டிப் பார்த்து, "இதையுமா துளசிச் செடியில போடுவீங்க?" என்றாள். தாத்தா தரையைப் பார்த்தார். ஏன் தாத்தா, வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே என்றேன். "டாக்டரு மனசு கஷ்டப்படுமில்ல" என்றார்.

சீனியரிடம் சொன்னேன், விதிமீறல் என்று எழுதிக்கொண்டோம். அவரைக் கணக்கிலிருந்து நீக்கவில்லை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முதலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அதில் வைத்துத்தான் முடிவு பார்ப்பார்கள். செவ்வாய்ப்பேட்டை அண்ணா, உங்கள் அப்பா மாத்திரை விழுங்குகிறாரா என்று பக்கத்தில் இருந்து ஒரு தடவை பாருங்கள். திட்டாமல் கேளுங்கள்.