பெரியப்பாவின் புது மாத்திரை

பெரியப்பா: புரோஸ்டேட்டுக்கு டாக்டர் டாம்சுலோசின் எழுதியிருக்கிறார். மூர்த்தி பார்த்துவிட்டு இது பிரஷர் மாத்திரை இனம் என்கிறான். எனக்கு ஏற்கெனவே பிரஷருக்கு அம்லோடிபின் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடாதா?

மூர்த்தி சித்தப்பா: என் மாமனாருக்குப் பிரஷருக்கென்றே பிரசோசின் கொடுத்தார்கள் அண்ணா. முதல் மாத்திரை போட்டுவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இரண்டுமே ஆல்ஃபா பிளாக்கர்தானே?

கவிதா: இனம் ஒன்றுதான் சித்தப்பா, இலக்கு வேறு. ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசையில் ஆல்ஃபா 1 ரிசப்டர், அதாவது உடம்பின் ரசாயனங்கள் வந்து ஒட்டும் இடம், இருக்கிறது. நரம்பு நுனியில் சுரக்கும் நார்அட்ரீனலின் அதில் ஒட்டினால் தசை இறுகும், குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அப்படி ஒட்டவிடாமல் அடைப்பதுதான் ஆல்ஃபா பிளாக்கர். அந்த ஆல்ஃபா 1-லேயே ஏ, பி, டி என்று மூன்று வகை உண்டு. புரோஸ்டேட்டில் ஏ வகைதான் அதிகம். பிரசோசின் மூன்றையும் அடைக்கும். டாம்சுலோசின் ஏ, டி இரண்டையும் நன்றாகப் பிடிக்கும், பி-யை அவ்வளவாகத் தொடாது. ரத்தக்குழாயை இறுக்குவதில் பி-க்கும் பங்கு இருப்பதால் பிரஷர் அந்த அளவுக்கு இறங்காது.

அருண்: சி எங்கே அக்கா?

கவிதா: 😄 சி என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். அப்புறம் பார்த்தால் அதுவும் ஏ-யும் ஒன்றே. குழப்பம் வேண்டாமென்று அந்த எழுத்தையே விட்டுவிட்டார்கள்.

அத்தை: நான் போடும் மெட்டோப்ரோலாலும் இதே கதைதானா?

கவிதா: அது பீட்டா 1 என்ற வேறு ரிசப்டரை அடைப்பது அத்தை. இதயத்துடிப்பைக் குறைக்கும், சிறுநீரகத்தில் பிரஷரை ஏற்றிவிடும் ரெனின் சுரப்பையும் குறைக்கும். கை கால் தசைகளுக்குப் போகும் குழாய்களில் பீட்டா 2 இருக்கிறது, அது குழாயை விரிக்கும். அதனால்தான் ஒரே அட்ரீனலின் தோலில் ஆல்ஃபா வழியாகக் குழாயைச் சுருக்குகிறது, தசையில் பீட்டா 2 வழியாக விரிக்கிறது. இந்த ஆல்ஃபா, பீட்டா பிரிவையே 1948-ல் ஆல்குவிஸ்ட் என்பவர்தான் சொன்னார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லையாம்.

பெரியப்பா: அப்போ தைரியமாகப் போடலாமா?

கவிதா: டாக்டர் சொன்னபடி போடுங்கள். ஆனாலும் கொஞ்சம் தலை சுற்றலாம். அதுவும் ராத்திரி பாத்ரூம் போகச் சட்டென்று எழாதீர்கள், கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். அம்லோடிபின் போடுவது அந்த டாக்டருக்குத் தெரியுமா?

பெரியப்பா: சீட்டைக் காட்டினேன். கண்புரை ஆபரேஷனுக்கும் தேதி வாங்கியிருக்கிறேன், அதற்கு ஒன்றும் இல்லையே?

கவிதா: இருக்கிறது! கண்மணியைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் தசையிலும் அதே ஏ வகைதான். இந்த மாத்திரை போட்டால் ஆபரேஷன் நடுவே அது தொளதொளவென்று ஆடலாம். கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கேற்பத் தயாராக இருப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூர்த்தி சித்தப்பா: அண்ணா, நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.