காசிக்கு அப்பா அம்மாவோட போறோம், கைடு தேவையா?

சேலத்துக்காரன்:
ஜனவரில காசி போறோம், அப்பாவுக்கு 71, முட்டி வலி வேற. ரெண்டு நாள் டூருக்கு கைடு வெக்கணுமா இல்ல நாமளே சுத்திக்கலாமா? எங்க யாருக்கும் ஹிந்தி சுத்தமா வராது.

ஊர்சுத்தி:
ஒரு நாள் மட்டும் வெச்சுக்கோங்க ப்ரோ. விடிகாலைல அசி காட்ல (காட்னா கங்கை படித்துறை) படகு ஏறி, பொணம் எரிக்கற மணிகர்ணிகா காட் வரைக்கும் போனா அப்பா ஒவ்வொரு காட்லயும் படி ஏறி இறங்க வேணாம், உக்காந்துட்டே அத்தனை காட்டும் பாத்துடலாம், குளிர்காலத்துல வெள்ளை பறவைங்க கூட்டமா வரும், படகுக்காரர் ஆவ் ஆவ்னு கத்திட்டே ஓமப்பொடி மாதிரி ஒண்ணு தூவுவார், எங்கம்மா சாமி கும்பிட வந்தத மறந்து அதையே பாத்துட்டு இருந்தாங்க 😄 ஸ்வெட்டர் குல்லா மறக்காதீங்க. விஸ்வநாதர் கோயிலுக்குள்ள போன் விட மாட்டாங்க, ரூம்லயே வெச்சுட்டு போங்க. இப்ப இருக்கற கோயில் 1780ல இந்தூர் ராணி அகல்யாபாய் கட்டினது, 2021ல காரிடார்ங்கற அகலமான நடைவழி திறந்தப்புறம் கங்கை பக்கமும் வழி இருக்கு.

செட்டிநாட்டு மருமக:
மொழி பயம் வேணாங்க. அனுமன் காட், கேதார் காட் பக்கம் தமிழ் பேசறவங்க நிறைய, கொதௌலியா நாற்சந்தி கிட்ட நகரத்தார் சத்திரமும் இருக்கு. மணிகர்ணிகால மட்டும் உஷார், ஏழை பொணத்துக்கு விறகு வாங்கணும்னு ஒருத்தர் எங்கிட்ட 2000 கறந்துட்டார். போட்டோவும் எடுக்காதீங்க.

சேலத்துக்காரன்:
நன்றிங்க. சத்திரத்துக்கு நாளைக்கே போன் பண்றேன்.