நைட்ரைட் இறங்குதே இல்லை, ஆராவது வழி சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கிளிநொச்சிப் பக்கம். ரெண்டடித் தொட்டி, 55 லீற்றர் வரும், ஒரு மீனும் விடாமல் ஆறு கிழமையா சைக்கிள் பண்ணுறன், அதாவது அமோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கிற பக்டீரியாவைத் தொட்டியில வளக்கிறன். வீட்டுக்கு வாற சனமெல்லாம் மீன் எங்க எண்டுதான் கேக்குது.

அமோனியா போத்தில் இங்க கிடைக்கேல்லை, அதால ஒரு றாலைப் பழைய சொக்ஸுக்குள்ள கட்டித் தொங்கவிட்டன், மூண்டாம் நாள் மணத்தில அம்மா என்னையும் தொட்டியையும் சேத்து வெளியில போடப் பாத்தா. அமோனியா 4 பிபிஎம் மட்டும் ஏறினது, றாலை எடுத்தாப் பிறகு 0க்கு வந்திட்டுது. ஆனா தண்ணி சோதிக்கிற கிட்டில நைட்ரைட்டுக்குத் துளி விட்ட உடன குழாய் கத்தரிப்பூ நிறமாகுது, கிட்டில 5க்கு மேல அளவில்லை, உண்மையில 10ஓ 20ஓ ஆருக்குத் தெரியும். ரெண்டு கிழமையா இதே நிறம்தான்.

எங்கட கிணத்துத் தண்ணி சரியான கடினம், கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியும், அதுக்குப் பயந்து முக்கால்வாசி மழைத்தண்ணி விட்டனான். அதுதான் பிழைச்சுதோ தெரியேல்லை. தொடக்கத்தில பிஎச் 7.4, நேற்று 6.2. கேஎச் (தண்ணியில இருக்கிற கார்பனேட் அளவு) பாத்தா முதல் துளியிலயே நிறம் மாறுது, அதாவது ஒண்டும் மிச்சமில்லாத மாதிரி. பக்டீரியா கார்பனேட்டைத் திண்டு முடிச்சு இப்ப பிஎச் விழுந்து, அதால பக்டீரியாவும் படுத்திட்டுது எண்டு நினைக்கிறன்.

பாதித் தண்ணியை எடுத்துப்போட்டுக் கிணத்துத் தண்ணி விடலாமோ? பக்டீரியா பில்டர் ஸ்பொஞ்சிலதானே கூட இருக்கும், அப்ப தண்ணி மாத்தினா நட்டமில்லைத்தானே? இல்லாட்டி பிஎச்சை ஏத்த அப்பச்சோடா போடுறதெண்டா 55 லீற்றருக்கு எவ்வளவு? கடைசியா விடப்போறது கப்பி மீன்தான்.