லேசர் அடித்தால் அலுமினியத்தைக் கடல்தண்ணி தின்னாதா?

உப்புவெளிப் பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். திருக்கோணமலைப் பக்கம் உப்புவெளியில் சின்ன அலுமினியப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல் வேலையோடு, நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுக்கு ஆக்களை ஏற்றிப்போகிற ஃபைபர் படகுகளுக்குக் கூரைச் சட்டம், ஏணி, கைபிடிக் கம்பி எல்லாம் செய்து கொடுக்கிறேன். ஒரு சீசன் முடிவதற்குள் போல்ட் போட்ட இடங்களைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்புகிறது, தட்டிப் பார்த்தால் கீழே ஊசி குத்தின மாதிரிக் குழி குழியாக இருக்கிறது. போன மாதம் ஒரு ஏணியின் கால் போல்ட் ஓட்டையோடு பிய்ந்து வந்துவிட்டது. நல்ல வேளை கரையில் வைத்து நடந்தது, ஆள் ஏறின நேரம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

இப்போது ஒருவர் கையில் பிடித்து அடிக்கிற லேசர் க்ளீனிங் மெஷின் விற்கிறார். இதை ஒருதரம் ஓட்டினால் அலுமினியத்தின் மேல்தோல் இறுகிவிடும், பிறகு கடல்தண்ணி ஒன்றும் செய்யாது என்கிறார். கடன் எடுத்துத்தான் வாங்க வேண்டும். லேசரால் அரிப்பைக் குறைக்கலாம் என்பது உண்மையா, இல்லை விற்பதற்காகச் சொல்வதா? விளங்கினவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா எஞ்சின்காரர்

தம்பி, என்ன போல்ட் பூட்டுகிறீர்கள்? இடையில் வொஷர் ஏதும் உண்டா?

உப்புவெளிப் பட்டறை

316 ஸ்டெயின்லெஸ்தான் நானா, விலை கூடினாலும் அதைத்தான் போடுகிறேன். சட்டம் ஜன்னலுக்கு வருகிற, 6063 என்கிற அலுமினியக் கலவையில் செய்த ப்ரொபைல். ஓட்டை போட்டு நேரே இறுக்குவேன், இடையில் ஒன்றும் வைப்பதில்லை.

உலோகம் படித்தவன்

மொரட்டுவையில் உலோகப் பொறியியல் படித்தேன், ஊர் திருக்கோணமலைதான். லேசர் விசயம் பொய் இல்லை. ஆனால் விற்பவர் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாக்கிச் சொல்கிறார், அதைப் பிரித்துச் சொல்லக் கொஞ்சம் நீளும்.

அலுமினியம் கடலில் தாக்குப்பிடிப்பதே அதன் மேல் தானாக வளர்கிற ஒட்சைட்டுப் படையால்தான். சில நனோமீட்டர் தடிப்புத்தான், ஆனால் கீறினாலும் காற்றுப் பட்டதும் திரும்ப மூடிக்கொள்ளும். கடல்தண்ணியில் உள்ள குளோரைட்டு அந்தப் படை எங்கே பலவீனமோ அங்கே உடைக்கிறது, பெரும்பாலும் அது இரும்பு, செம்பு, சிலிக்கன் சேர்ந்த நுண்ணிய துணிக்கைகள் உலோகத்துக்குள் திட்டுத் திட்டாக உட்கார்ந்திருக்கிற இடம். உப்புத்தண்ணி பட்டால் துணிக்கையும் பக்கத்து அலுமினியமும் சேர்ந்து ஒரு குட்டிப் பற்றரி ஆகிவிடும், கரைவது அலுமினியம். குழி ஒருதரம் விழுந்துவிட்டால் உள்ளே அமிலம் ஏறி, பிறகு அது தன்பாட்டில் ஆழமாகிக்கொண்டே போகும்.

ஆய்வுகூடங்களில் செய்கிற லேசர் உருக்கல் அந்தத் துணிக்கைகளைத்தான் குறிவைக்கிறது. மேற்பரப்பைச் சில பத்து மைக்ரோனில் இருந்து சில நூறு மைக்ரோன் ஆழம் வரை கண நேரம் உருக்குவார்கள். அடியில் இருக்கிற குளிர்ந்த உலோகம் சூட்டை இழுத்துக்கொள்வதால் அது செக்கனுக்கு ஒரு இலட்சம் பாகை, சில லேசர்களில் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஆறிவிடும். கரைந்த துணிக்கைகளுக்குத் திரும்பத் திரள நேரம் கிடைக்காது, செம்பும் இரும்பும் பரவலாகவே உறைந்துபோகும். குட்டிப் பற்றரிகள் குறைந்தால் குழியும் குறையும். விமானங்களுக்குப் போகிற 2024 என்கிற அலுமினியக் கலவையில் செம்பு கிட்டத்தட்ட 4 வீதம் இருக்கிறது, அதில் பலன் நன்றாகத் தெரியும். உங்கள் 6063இல் செம்பு 0.1 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே விதி, அதனால் லேசர் திருத்துவதற்கு அங்கே அவ்வளவு இல்லை.

அதோடு இந்த வேலை லேசில் வராது. ஃபைபர் லேசரின் ஒளியில் 90 வீதத்துக்கு மேல் பளபளப்பான அலுமினியம் திருப்பி அடித்துவிடும். உருகின அலுமினியம் ஈரத்தில் இருந்து ஐதரசனை உறிஞ்சி, உறையும்போது நுண்துளை விடும், நம்முடைய ஊர்க் காற்றில் ஆகன் வாயு மூடாமல் அதை ஒழுங்காகச் செய்வது கடினம். வேகமாக ஆறுவதால் மேற்பரப்பு இழுபட்டு வெடிப்பும் வரலாம், உங்கள் 6063 சேர்கிற 6000 வகைக் கலவைகளுக்கு அந்தக் குணம் கூடுதலாகவே உண்டு. லேசர் கோடு கோடாகத்தான் ஓடும், ஒரு கோட்டின் மேல் அடுத்தது ஏறுகிற இடத்தில் உலோகம் திரும்பச் சூடாகித் துணிக்கைகள் மறுபடி முளைக்கும், அரிப்பு அந்த வரியில்தான் தொடங்கும்.

க்ளீனிங் மெஷின் இதைச் செய்வதில்லை. அதன் வேலை சின்னச் சின்னத் துடிப்புகளால் அழுக்கு, பழைய ஒட்சைட்டு, பெயின்ட் எல்லாவற்றையும் உரிப்பது. வெல்டிங்குக்கோ பெயின்ட்டுக்கோ முதல் அப்படிச் சுத்தம் செய்வது உண்மையில் நல்ல விசயம், அதற்காக வாங்கினால் பிழை சொல்ல மாட்டேன். கவசமாக நினைத்து வாங்காதீர்கள். உங்கள் ஏணி பிய்ந்தது ஓட்டைக்குள், அந்த ஓட்டையின் உள்சுவருக்கு லேசர் ஒளி நேராகப் போகவும் முடியாது.

கிண்ணியா எஞ்சின்காரர்

நான் கேட்கவந்ததும் அதுதான். 316 போல்ட்டும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு நடுவில் உப்புத்தண்ணி தேங்கினால் போல்ட் புதிதாகவே இருக்கும், அலுமினியம் போய்விடும். நல்ல போல்ட் போட்டதில் பிழை இல்லை, இரண்டையும் தொடவிட்டதுதான் பிழை. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி நைலோன் குழாயை உள்ளே விட்டு, தலைக்கும் நட்டுக்கும் கீழே நைலோன் வொஷர் வைத்து, சீலன்ட் பூசி இறுக்குங்கள். பின்னேரம் படகு கரைக்கு வந்ததும் நல்லதண்ணியால் கழுவச் சொல்லுங்கள், அரைவாசி வருத்தம் அதிலேயே போகும்.

உப்புவெளிப் பட்டறை

எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரையட்டும் என்று எஞ்சின் காலில் பூட்டுகிற சிங்க் கட்டி மாதிரி ஏணிக்கும் ஒன்று வைத்தால் உதவுமா நானா?

கிண்ணியா எஞ்சின்காரர்

கடலுக்குள் முழுக நிற்கிற சாமானுக்குத்தான் அது வேலை செய்யும் தம்பி. உங்கள் கூரைச் சட்டத்தில் தெறிக்கிற தண்ணிதான், ஏணியையும் ஆக்கள் ஏறி முடிந்ததும் தூக்கிவிடுவார்கள். சிங்க் சும்மா தொங்கும்.

கட்டாரில் இருந்து

இங்கே ஒரு லேசர் பட்டறையில் வேலை செய்கிறேன், ஊர் சாம்பல்தீவு. இன்னொரு வகையும் உண்டு, லேசரால் நுண்ணிய வரிகள் கீறித் தண்ணி ஒட்டாத மேற்பரப்பாக மாற்றுவது. கீறின உடனே தண்ணி நன்றாகப் பரவும், சில நாள் அல்லது சில கிழமை காற்றில் கிடந்த பிறகு, காற்றில் உள்ள எண்ணெய்த்தன்மையான பொருட்கள் படிந்து, தாமரை இலையில் உருளுகிற மாதிரித் துளியாக உருளும். வரிகளுக்கு இடையில் காற்று அடைபட்டு நிற்பதால் உப்புத்தண்ணி உலோகத்தைத் தொடுவது குறையும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஆள் மிதிக்கிற படியிலும் கயிறு உரசுகிற கம்பியிலும் அந்த வரிகள் தேய்ந்துபோகும், அதனால் ஏணிக்கு நான் சொல்ல மாட்டேன்.

எதற்காக வாங்கினாலும் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. 1064 நனோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, இமை தானாக மூடாது, நேரே விழித்திரைக்குப் போய் எரித்துவிடும். அலுமினியத்தில் பட்டுத் தெறிக்கிற ஒளியும் அப்படித்தான், பக்கத்தில் நிற்கிற பொடியனுக்கும் அந்த அலைநீளத்துக்கு என்றே செய்த கண்ணாடி வேண்டும். வெல்டிங் கண்ணாடி போதாது.

உலோகம் படித்தவன்

அந்தக் காசில் ஒரு பங்கை அனோடைசிங்குக்கு, அதாவது மின்சாரம் பாய்ச்சி அந்த ஒட்சைட்டுப் படையைத் தடிப்பாக்குகிற வேலைக்குப் போடுங்கள். ஜன்னல் ப்ரொபைலில் வருகிற படை மெல்லியது, கடலுக்கு 25 மைக்ரோன் கேளுங்கள், கடைசியில் படையின் நுண்துளைகளைச் சுடுதண்ணியில் மூடினார்களா என்றும் கேளுங்கள். முக்கியமாக, வெட்டி ஓட்டை எல்லாம் போட்டு முடித்த பிறகு அனுப்புங்கள், இப்போது நீங்கள் பூசின ப்ரொபைலில் ஓட்டை போட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுகிறீர்கள்.

உப்புவெளிப் பட்டறை

கடன் கதையை விட்டுவிட்டேன். ஒரே ப்ரொபைலில் நாலு துண்டு வெட்டப்போகிறேன்: ஒன்று வெறுமையாக, ஒன்றை மெஷின்காரரிடமே கொடுத்து லேசர் அடித்து, ஒன்று ஓட்டை போட்டு அனோடைஸ் செய்து, கடைசி வெறுமைதான், ஆனால் நானா சொன்ன நைலோனோடு. எல்லாவற்றிலும் அதே 316 போல்ட். நாலையும் ஒரே படகின் கூரையில் கட்டிவிட்டு மாதாமாதம் படம் போடுகிறேன். ஏற்கெனவே செய்து கொடுத்த ஏணிகளையும் நாளையில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி நைலோன் வைக்கிறேன், அதற்குக் காசு வாங்கப்போவதில்லை.

கிண்ணியா எஞ்சின்காரர்

பிய்ந்த காலை எறிந்துவிடாதீர்கள் தம்பி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அந்தப் பக்கம் வருவேன், ஓட்டையை அறுத்து உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்போம்.