எம்.எஸ். புளூ புடவை அச்சில் ஊதாவாக வருகிறது, உதவுங்கள்

மயிலாப்பூர் டிசைனர்:
வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் லைஃப்ஸ்டைல் இதழுக்கு மார்கழி அட்டை செய்கிறேன். கபாலீஸ்வரர் கோயில் குளக்கரையில் எடுத்த படம். படத்தில் உள்ள பாடகி, எம்.எஸ். புளூ நிறக் காஞ்சிபுரம் பட்டு கட்டியிருக்கிறார். மானிட்டரில் அருமையான நீலம். நேற்று வந்த ப்ரூஃபில், அதாவது மாதிரி அச்சில், கத்தரிப்பூ நிறம். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா பெயரைத் தாங்கிய நிறம், அதைத் தப்பாக அச்சடிக்க மனசு வரவில்லை. உள்பக்கம் மேப்லித்தோ, பூச்சில்லாத சாதாரணத் தாள். அதில் சபா கேன்டீனில் எடுத்த முகங்கள் பச்சை பாய்ந்து மங்கிக் கிடக்கின்றன. படங்களைத் திரைக்கான ஆர்.ஜி.பி. நிறமுறையிலேயே வைத்து, பி.டி.எஃப். எடுக்கும்போதுதான் அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நாலு மை முறைக்கு மாற்றினேன். எங்கே தவறினேன்?

ப்ரீபிரஸ், ராயப்பேட்டை:
ஆர்.ஜி.பி.யில் வைத்தது தப்பில்லை. நிறத்தின் அளவைக் காட்டும் ஐட்ராப்பரைப் புடவை மேல் வைத்து, சையான் (வெளிர்நீல மை), மெஜந்தா (கருஞ்சிவப்பு ரோஜா மை) எவ்வளவு சதவீதம் என்று சொல்லுங்கள்.

மயிலாப்பூர் டிசைனர்:
சையான் 100, மெஜந்தா 92, சார்.

ப்ரீபிரஸ், ராயப்பேட்டை:
அதுதான் காரணம். அச்சில் நீல மை என்று தனியாக இல்லை. சையானும் மெஜந்தாவும் சேர்ந்துதான் நீலம். இரண்டும் நெருங்கினால் ஊதா ஆகிவிடும். மெஜந்தாவைச் சையானை விட 30 புள்ளியாவது கீழே வையுங்கள். புடவையை மட்டும் மாஸ்க் செய்து, அதாவது தனியாகப் பிரித்து, குறையுங்கள், மொத்தப் படத்திலும் கை வைத்தால் குளத்துத் தண்ணீரும் மாறிவிடும்.

அப்புறம், அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் ஒரே ப்ரொஃபைல் (தாளுக்கேற்ற நிற அமைப்பு) போடாதீர்கள். ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39, மேப்லித்தோவுக்கு ஃபோக்ரா 47 பொதுவாகப் பொருந்தும். ஆனாலும் உங்கள் பிரஸ்ஸைக் கேட்டுவிடுங்கள். மேப்லித்தோ மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், நடுநிழல்கள் இருண்டுபோகும். அதனால் படத்தை முன்கூட்டியே கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டும். போட்டோஷாப்பில் கண்ட்ரோல் ஒய் தட்டினால் அச்சு எப்படி வரும் என்று ஓரளவு முன்பே தெரியும். ஜரிகையின் மினுமினுப்பு நாலு மையில் வராது, அதற்கு ஐந்தாவதாகத் தங்க மை வேண்டும்.

கல்யாண போட்டோகிராஃபர், தி.நகர்:
முகத்தில் பச்சை ஏறியது பேப்பரால் மட்டும் இல்லை. கேன்டீனில் டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்திருக்கும். கேமராவின் மூலக் கோப்பான ரா ஃபைல் இருந்தால் முகத்தை வைத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறச் சாய்வை, சரிசெய்யுங்கள். அடுத்த முறை முதல் ஃப்ரேமில், நிறத்தை ஒப்பிட்டுச் சரிசெய்ய உதவும் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டு பிடியுங்கள். சி.எம்.ஒய்.கே.யில் நம் ஊர் முகத்துக்கு மஞ்சள் மெஜந்தாவை விடக் கொஞ்சம் கூட இருக்கட்டும். சையான் மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. ஒரு வேண்டுகோள்: வெளிச்சமாக்குகிறேன் என்று மாநிறத்தை வெளுத்துவிடாதீர்கள். அவர் நிறம் அவர் நிறமாகவே வரட்டும்.

மயிலாப்பூர் டிசைனர்:
மெஜந்தாவை 66 ஆக்கினேன். புது ப்ரூஃபை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், நீலம் வந்துவிட்டது! முகங்களும் தெளிந்துவிட்டன. ஆனால் தலைப்புக்குப் பின்னால் போட்ட அரக்குப் பட்டை இப்போது புடவையோடு சண்டை போடுகிறது.

ப்ரீபிரஸ், ராயப்பேட்டை:
பட்டையை எடுத்துவிடுங்கள். குளத்துக்கு மேலே காலை வானம் காலியாக இருந்தால் தலைப்பு அங்கேயே நிற்கும். எழுத்துக்கு ஜரிகையிலிருந்து ஒரு மங்கல் மஞ்சள் எடுங்கள். சின்ன எழுத்துக்கு மட்டும் தனிக் கறுப்பு மை. நாலு மை கலந்தால் ரிஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, கொஞ்சம் விலகினாலும் ஓரம் கலங்கும்.

மயிலாப்பூர் டிசைனர்:
வானத்தில் வைத்துவிட்டேன், சார். வெளிர்வானத்தில் மஞ்சள் எடுபடவில்லை, அதனால் தலைப்பையும் புடவையின் நீலத்திலேயே போட்டேன். நாளைக் காலை அச்சுத் தகடு (பிளேட்) எடுக்கப் போகிறது. இரண்டு பேருக்கும் நன்றி.