மழைக்கு முன்னே பெல்ட் போட்டாச்சா? வடசென்னை சைட்டுகளில் வேலை எங்கே நிற்கிறது

கொருக்குப்பேட்டை, சைட் இன்ஜினியர்

வீட்டு வேலை இழுத்தடித்தால் முதல் திட்டு மேஸ்திரிக்குத்தான் விழும். ஆனால் நம்ம பக்கத்தில் பாதி தாமதம் கடக்கால் தோண்டும் தேதியிலேயே முடிவாகிவிடுகிறது. அக்டோபர் நடுவில் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விடாது. இரண்டு மாடி வீட்டுக்குத் தோண்டுவதில் தொடங்கி ஃபுட்டிங் (அடிப்பீடம்), காலம் (தூண்), மண் நிரப்பல், பெல்ட் (தரைமட்ட பீம்) வரை ஒன்றரை மாதம் பிடிக்கும். செப்டம்பர் கடைசிக்குள் பெல்ட் முடிய வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே ஜேசிபி இறங்கியாக வேண்டும். அது ஆடி. ஆடியிலும் வாஸ்து நாள் உண்டு, ஆனாலும் பலர் "ஆவணி பிறக்கட்டும்" என்பார்கள். ஆவணியில் பூஜை போட்டு, ஆள் திரட்டித் தோண்டி முடிக்கும்போது புரட்டாசி பாதி போயிருக்கும். குழி திறந்து கிடக்கும், மேகம் கூடியிருக்கும். வைகாசி வாஸ்து நாளிலேயே பூஜையை முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. தொடங்கிய வேலையை ஆடியில் தொடர யாரும் தடை சொல்வதில்லை.

குழியில் தண்ணீர் நின்றால் இறைத்தால் போச்சு என்று நினைக்க வேண்டாம். அடிமண் ஊறிக் குழைந்திருக்கும். அந்தச் சேற்றை வழித்தெடுத்து, கெட்டி மண் வரை இறங்கி, கூடுதலாக பிசிசி (கம்பி இல்லாத அடிக் கான்கிரீட்) போட வேண்டும். கட்டிவைத்த கம்பியில் சேறு ஒட்டியிருந்தால் கழுவாமல் கான்கிரீட் போடக்கூடாது. கரை சரிந்திருந்தால் மறுபடியும் தோண்டல். மூன்று நாள் மழை இரண்டு வாரத்தைத் தின்றுவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களிலேயே தண்ணீர் நின்றது. அந்த நிலையில் மோட்டார் இருந்தும் பயனில்லை, இறைத்த தண்ணீரை விட இடம் வேண்டுமே.

ராயபுரம், ஒப்பந்ததாரர்

மண்ணைப் பொறுத்தும் மாறும் சார். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடலோரம் முழுக்க மணல். பக்கிங்காம் கால்வாய் ஓரம் போனா பல இடத்துல களி. மணல்ல நிலத்தடித் தண்ணி மேலேயே கிடக்கும். குழிக்குள்ள நேரா மோட்டார் போட்டு இறைச்சா தண்ணியோட மணலும் வரும், அடி பொங்கும், பக்கத்து வீட்டு அஸ்திவாரம் இறங்கும். அவங்க சுவத்துல விரிசல் விழுந்தா அடுத்த நாளே ஸ்டேஷன்ல புகார், வேலைக்குப் பூட்டு. அதுக்கு வெல்பாயின்ட்தான் சரி. குழியைச் சுத்தி ஒரு மீட்டர், ஒண்ணரை மீட்டருக்கு ஒரு குழாய் இறக்கி மேல வேக்கம் பம்ப். ஒரு வரிசை சுமார் 5 மீட்டர் ஆழம் வரைக்கும்தான் இழுக்கும். ராத்திரி கரண்ட் போனா காலையில குழி நிரம்பியிருக்கும், அதனால டீசல் பம்ப் ஒண்ணு சைட்டுலயே நிக்கணும். களியில இது எடுபடாது. குழியோட மூலையில ஒரு அடி ஆழமா இன்னொரு சின்னக் குழி வெட்டி அதுல மோட்டார் போட்டாலே போதும்.

சம்ப் (தரைக்கடித் தண்ணித் தொட்டி) கட்டுறவங்க இதையும் பாருங்க. உள்ளளவு 3க்கு 3 மீட்டர், ஆழம் 2 மீட்டர், சுவரும் அடித்தளமும் 20 செ.மீ.ன்னு வெச்சுக்கோங்க. மூடி போடாத காலி சம்ப்போட எடை சுமார் 18.6 டன். வெளியில தண்ணி விளிம்பு வரைக்கும் ஏறினா மேல தள்ளுற விசை 25 டன்னுக்கு மேல. சம்ப் அப்படியே மிதந்து சாய்ஞ்சுடும். பைப் இணைப்பு எல்லாம் அறுந்து, உடைச்சுத்தான் எடுக்கணும். மழைக்கு முன்னாடி உள்ளே ஒரு மீட்டர் தண்ணி நிரப்பி வெச்சா 9 டன் கூடுதல் எடை, அசையாது. லாரித் தண்ணிக்கு ஆகுற செலவுக்கு வருத்தப்படாதீங்க.

தண்டையார்பேட்டை, கட்டமைப்புப் பொறியாளர்

மாடிக்கு மாடி ஏன் நாள் இழுக்கிறது என்று கேட்டால் "சிமென்ட் செட் ஆகணும்" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) கணக்கில், ஸ்லாப் ஸ்பேன் (தாங்கிகளுக்கு இடையிலான தூரம்) 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. இது சாதாரண ஓபிசி சிமென்ட்டுக்கு. இங்கே பெரும்பாலும் பிபிசி (மெதுவாக வலுப்பெறும் கலப்பு சிமென்ட்) போடுவதால் கொஞ்சம் கூட்டியே வையுங்கள், க்யூப் ரிசல்ட் (கான்கிரீட் கட்டியின் வலிமைச் சோதனை) பார்த்துப் பிரியுங்கள். காலம் ஷட்டரை (தூணைச் சுற்றிய அச்சுப் பலகையை) மறுநாளே பிரிக்கலாம்.

உண்மையில் வேலையை நிறுத்துவது ஜாக்கியும் (இரும்பு முட்டு) ஷீட்டும் (ரூஃபுக்கு அடியில் அடிக்கும் தகடு). ஒப்பந்ததாரரிடம் இருப்பது ஒரே செட், அது இன்னொரு சைட்டில் ரூஃபைத் தாங்கிக்கொண்டிருக்கும். அங்கே பிரித்தால்தான் இங்கே அடிக்க முடியும். நமக்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் வேறாக இருக்கும். ஒப்பந்தம் போடும்போதே "எத்தனை ஷீட், எத்தனை ஜாக்கி, வாடகைக்கு எடுத்தால் யார் செலவு" என்று எழுதி வாங்குங்கள். கீழ்த்தளத்து முட்டு நிற்கும்போதே மேலே காலம் எழுப்பலாம். சுவர் வேலை மட்டும் முட்டு எடுத்தபின்.

பழைய வண்ணாரப்பேட்டை, சூப்பர்வைசர்

எங்க தெருவெல்லாம் பத்தடி. மிக்சர் லாரி மெயின் ரோட்டோட நின்னுடும், அங்கிருந்து பம்ப் வெச்சு வீடு வரைக்கும் பைப்லைன் இழுக்கணும். 1000 சதுர அடி ரூஃப், அஞ்சு அங்குலம்னா ஸ்லாப் மட்டும் 12 கன மீட்டர், பீமோட 16க்கு மேல போகும். 6 கன மீட்டர் லாரின்னா மூணு வண்டி. மாதவரம், செங்குன்றம் பக்கத்துல இருந்து வர்ற வண்டி கன்டெய்னர் ட்ரெய்லர் வரிசையில மாட்டினா, முதல் வண்டி கான்கிரீட் இறுகி, ரெண்டாவது வண்டி வர்றதுக்குள்ள ஜாயின்ட் விழுந்துடும். அப்புறம் மழையில அந்தக் கோட்டுலதான் ஒழுகும். ரெண்டாவது வண்டி பிளான்டை விட்டுக் கிளம்பிடுச்சுன்னு போன் வந்தபிறகுதான் முதல் வண்டியைத் திறக்கணும். லோடு ஏத்தி ரெண்டு மணி நேரத்துக்குள்ள காலி பண்ணணும். தாண்டிட்டா தண்ணி ஊத்தி இளக்குறது கூடவே கூடாது, அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிடணும். காலை நெரிசலுக்கு முன்னாடி மூணும் உள்ளே வந்துடற மாதிரி ஆர்டர் போடுங்க.

பம்ப் போட வழியில்லைன்னா ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமென்ட் கலக்குற மெஷின். 16 கன மீட்டருக்கு எம்20 தரக் கான்கிரீட்ல கிட்டத்தட்ட 110 மூட்டை. ஒரு கலவைக்கு நாலஞ்சு நிமிஷம்னா ஏழரை மணி நேரத்துல இருந்து ஒன்பது மணி நேரம் வரை ஆகும். காலையில சீக்கிரமா ஆரம்பிக்கலேன்னா லைட் போட்டுத்தான் முடிக்கணும். ஜல்லி, எம்சாண்ட் முந்தின நாளே இறங்கியிருக்கணும், தெருவில கொட்ட இடம் கிடைக்காது.

பெரம்பூர், உள்கட்டு வேலை கான்ட்ராக்டர்

கொருக்குப்பேட்டை சார் சொன்ன மழைக் கணக்கு சரிதான், ஆனா மழையில போறதைவிட அதிகமா வீட்டுக்காரர் "யோசிச்சுச் சொல்றேன்"ல போகுது. ரூஃப் கம்பி கட்டுறதுக்கு முன்னாடியே ஃபேன் பாக்ஸ், லைட் பாயின்ட், சங்கன் (தரை தாழ்த்திப் போடுற) பாத்ரூம் எங்கேன்னு முடிவாகணும். போட்டபிறகு மாத்தினா கோர் கட்டிங் (மெஷின் வெச்சுத் துளைக்கிறது), ஸ்லாப்ல ஓட்டை, மறுபடி வாட்டர்ப்ரூஃப். ஏசி தண்ணி போற பைப் பூச்சுக்கு முன்னாடி. ஜன்னல் அளவு எடுக்கப் பூச்சு முடியணும், அளவு கொடுத்தபிறகு யூபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் வர ரெண்டு மூணு வாரம். டிசைனை முன்னாடியே முடிவு பண்ணி அட்வான்ஸ் கொடுத்துட்டா அளவு எடுத்த அன்னிக்கே கடையில வேலை ஆரம்பிச்சுடும். ஒரு டைல்ஸ் மாடல் பிடிச்சிருந்தா 5, 7 சதவீதம் சேர்த்து ஒரே பேட்ச்ல எடுங்க, ரெண்டாவது வாங்கறப்போ ஷேடு மாறிடும்.

ஆள் விஷயமும் இருக்கு. பூச்சு, டைல்ஸ்ல நிறைய பேர் பீகார், ஒடிசா, வங்காளம். ஹோலிக்கும், தீபாவளி முடிஞ்ச ஆறாம் நாள் வர்ற சத் பூஜைக்கும் முக்கியமா பீகார் ஆளுங்க கிளம்பிடுவாங்க. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி திறக்கும், அப்பவே "யார் யாருக்கு டிக்கெட் போட்டிருக்கு"ன்னு கேட்டுட்டா தெரிஞ்சுடும். பொங்கலுக்கு நம்ம ஆளும் ஒரு வாரம் இருக்க மாட்டாங்க.

கொருக்குப்பேட்டை, சைட் இன்ஜினியர்

பெரம்பூர் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். பணத்தவணையும் அதே ரகம். ரூஃப் வரைக்கும் எண்பது சதவீதம் கொடுத்துவிட்டால் பூச்சுக்கு ஒப்பந்ததாரர் வரமாட்டார், லாபம் ஏற்கெனவே அவர் கையில். ரூஃப் வரை கட்டுமானம் முடியும்போது அறுபதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் என்றால் ஒவ்வொரு நிலையும் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே மதிப்பீட்டாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பணம் வரும்வரை சைட் சும்மா கிடக்கும்.

மணலி, பிளம்பிங் ஒப்பந்ததாரர்

எல்லாம் முடிந்தும் குடியேற முடியாமல் நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். கழிவுநீர் இணைப்புக்குச் சாலையை வெட்ட வேண்டும், மழைக்காலத்தில் மாநகராட்சி சாலை வெட்டுக்கு அனுமதியை நிறுத்திவைப்பது வழக்கம். ஜூலையிலேயே மெட்ரோ வாட்டரில் (சென்னைக் குடிநீர் வாரியத்தில்) விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்கு முன் வீட்டுக் கழிவுநீர்ச் சேம்பரின் (தொட்டியின்) அடிமட்டத்தையும் தெரு மேன்ஹோல் மட்டத்தையும் லெவல் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தெரு மட்டம் உயர்ந்து, வீட்டுக் குழாய் கீழே போய்விட்டால் மழையில் கழிவுநீர் திரும்பி வீட்டுக்குள் வரும். நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் விடுவது) வைக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து கழுவ ஒரு மூடியும் சேம்பரும் விட்டுவையுங்கள். தரையை உடைக்காமல் கை போகிற அளவு வேண்டும், இரண்டடிக்கு இரண்டடி.